சந்தியாகுவின் பனியனில் வந்த ஊர்

மேற்கே மேடும் கிழக்கே பள்ளமுமாக, தலைமாட்டில் ஓர் ஊரணியும் கால்மாட்டில் ஒரு கல்லறைத் தோட்டமுமாக, நடுவில் ஒரே ஒரு வண்டிப்பாதை வடக்கும் தெற்குமாக ஓட, வானத்தைப் பார்த்தபடி மல்லாந்து கிடந்த சம்மனசுநேந்தலில், ஆடிக் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், சந்தியாகு கழற்றிப்போட்ட பனியனில் இனி வரப்போகிற ஊர் வந்து உட்கார்ந்திருந்தது. முதலில் பார்த்தவள் அவர் மனைவி ஜெசிந்தா. அவளுக்கு வந்தது ஆச்சரியமில்லை, எரிச்சல். வெள்ளைப் பனியன் வாங்கினால் வெளுத்து மாளவில்லை என்றுதான் பரமக்குடிச் சந்தையில் தேடிப்பிடித்து ஊதா நிறத்தில் வாங்கி வந்திருந்தாள்; அந்த ஊதாவிலும் இப்படி வெள்ளை வெள்ளையாகக் கோலம் போட்டுக்கொண்டு வந்து நின்றால் ஒரு பெண்பிள்ளை எத்தனை சோப்பைத்தான் கரைப்பாள்?

"ஏங்க, எங்க போய்ப் புரண்டுட்டு வந்தீங்க?"

"எங்கயும் புரளலையே," என்றார் சந்தியாகு.

அவர் எதற்கும் அவ்வளவுதான் பேசுவார். ஆள் பார்க்கக் கதவு மாதிரி இருப்பார். வியர்வை என்றால் அது சாதாரண வியர்வை இல்லை, பிடரியில் தொடங்கி இடுப்புவரை ஓடை ஓடையாக இறங்கும். ஆனால் கூச்சம் பிடித்த மனுஷன். மிளகாய்க் கொல்லையில் தன்னந்தனியாகக் களை பறிக்கும்போதுகூடப் பனியனுக்கு மேல் கட்டம் போட்ட சட்டையை மாட்டிக் கழுத்துப் பொத்தான்வரை பூட்டிக்கொள்வார். வீட்டுக்கு வந்த பிறகுதான் சட்டையை ஆணியில் மாட்டுவார். உடம்போடு ஒட்டிப்போன பனியனை ஆட்டுத்தோல் உரிப்பது போலத் தலைவழியாக உரித்து, உரித்த வாக்கிலேயே கொல்லைக் கொடியில் போடுவார். ஜெசிந்தாவும் அதைத் திருப்பமாட்டாள். துணியின் உள்பக்கம்தான் வெயிலைப் பார்க்க வேண்டும், அப்போதுதான் சாயம் நிற்கும் என்பது கான்வென்ட் போர்டிங்கில் பத்தாவதுவரை இருந்த காலத்தில் மதர் சுப்பீரியர் அவள் மண்டையில் ஆணியடித்து இறக்கிய பாடம்.

அன்றைக்கு அதை வாளிக்குள் அமுக்கப் போனவள் கை அப்படியே நின்றது. கழுத்து வளைவுக்குக் கீழே வட்டமாக ஒரு கோடு, ஊரணிக் கரை. அங்கிருந்து நடுமுதுகு வழியே நேராக இறங்கிய ஒரு பட்டை, வண்டிப்பாதை. இரண்டு பக்கமும் கட்டம் கட்டமாக உப்புக் கோடுகள், அத்தனையும் வரப்புகள். அந்த ஊர்ப் புஞ்சையை ஆதியில் பங்கு பிரித்த அண்ணனும் தம்பியும், ஒருவனுக்கு ஒரு முழம் கூடிவிடக் கூடாதே என்ற வயிற்றெரிச்சலில், பாதைக்கு இந்தப் பக்கம் என்ன உண்டோ அதுவே அந்தப் பக்கமும் என்று கயிறு பிடித்து வெட்டிக்கொண்டவர்கள். அதனால் இடமும் வலமும் இன்றுவரை ஒரே அச்சு.

"ஏ அமலி! இங்கிட்டு வா!"

"அடுப்புல பால் இருக்கு மதினி," என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"பொங்கினா பூனை குடிச்சுக்கும். வாடி."

அமலி சந்தியாகுவின் தங்கச்சி. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளை கிடையாது. அப்பா கொடுத்த மேட்டுப் புஞ்சையை வைத்துத் தன் கஞ்சியைத் தானே காய்ச்சிக் குடிக்கிறவள். அண்ணனுக்குப் பள்ளத்துக் கரிசல், தங்கச்சிக்குப் பாதைக்கு அந்தப் பக்கம் நேர் எதிரே மேட்டுச் செவல் என்று அவர்கள் அப்பாவும் அந்த ஊர் வழக்கப்படியே கயிறு பிடித்துத்தான் கொடுத்திருந்தார். மதினிக்கும் அமலிக்கும் ஒருநாள் பேச்சு நின்றால் இரண்டு பேருக்கும் சோறு இறங்காது. பேச ஆரம்பித்தால் தெருவில் மற்றவர்களுக்குச் சோறு இறங்காது.

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்த அமலி, கொடியைப் பார்த்துவிட்டு வாயில் விரல் வைத்தாள். "இது நம்ம ஊருல்ல?"

"அதத்தான் நானும் பாக்குறேன்."

"எங்க அண்ணன் முதுகுல எதுக்கு ஊரு?"

"இருபது வருஷமா என் தலையில கெடந்துச்சு. இப்ப அங்கிட்டு எறங்கிருக்கு."

கீழே கல்லறைத் தோட்டம் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் சுண்ணாம்பை அப்பியது போல ஒரு திட்டு. துவைத்தார்கள், போனது. மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. சரி, மனுஷனுக்கு உடம்பில் உப்பு கூடிவிட்டது என்று ஜெசிந்தா குழம்பில் உப்பைக் குறைத்தாள், சந்தியாகு ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டார், திட்டு குறையவில்லை. ஆவணி பிறந்து ஒரு மழை விழுந்து வெயில் ஏறியதும், கோயிலில் மணியடிக்கும் கோயில்பிள்ளை ஞானப்பிரகாசம் தன் தாய் தகப்பன் கல்லறைக்குப் பூச்செடி வைக்கப் போனவர், சிலுவைகளின் காலடியெல்லாம் உவர் பூத்து வெள்ளை வெளேரென்று கிடப்பதைப் பார்த்து, தலையில் கை வைத்துக்கொண்டு தெருவெல்லாம் சொல்லி வந்தார்.

"அது ஏற்கெனவே எங்க அண்ணன் பனியன்ல வந்துருச்சே," என்று அமலி சொன்னதோடு ஜெசிந்தாவின் நிம்மதி போயிற்று.

அந்தப் பக்கத்து ஊர்களுக்கு உவர் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நல்ல நிலமாக இருக்கும், மூன்று தலைமுறை விளைந்த நிலமாக இருக்கும், ஒரு மழைக்குப் பின் வெள்ளையாகப் பூக்கும், பிறகு அதில் புல்கூட முளைக்காது. எந்த நிலத்தில், எப்போது வரும் என்று தெரியாமலே கிழவர்களானவர்கள், இப்போது தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது, அது சந்தியாகு வீட்டுக் கொல்லையில் கொடியில் தொங்குகிறது என்றால் சும்மா இருப்பார்களா? முதல் நாள் நாலு பேர் வந்தார்கள், பிறகு தெருவே வந்தது, பிறகு பக்கத்து நேந்தல் ஊர்களிலிருந்து பைக்கில் வந்தார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணைப் பார்க்குமுன் பனியனைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஃபாதர் வந்து பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்துக்கு உப்பைப் பற்றி வசனம் தேடி, தேடிய இடத்தில் எல்லாமே உப்பைப் புகழ்ந்து இருந்ததால், பொறுமையைப் பற்றிப் பேசிவிட்டு இறங்கிவிட்டார். சந்தியாகு நன்றாக வியர்க்கட்டும் என்று ஆளாளுக்குச் சுக்குக் கஷாயம் கொண்டுவந்து ஊற்றினார்கள். அவர் வீட்டில் மின்விசிறி போட்டால் நாலு பேர் வந்து நிறுத்தினார்கள். மேகம் போட்ட நாளில் அவருக்கு வேலை இல்லாமல் போய்விடக் கூடாதே என்று தங்கள் வீட்டு விறகைக் கொண்டுவந்து அவரிடம் பிளக்கக் கொடுத்தார்கள். அவரும் எல்லோருக்கும் சரி சரி என்று பிளந்து கொடுத்தார்.

"ஏங்க, உங்களுக்கு வாயே கெடையாதா? நீங்க என்ன ஊருக்குப் பொதுக் கெணறா?"

"பாவம், பயந்துபோய் வர்றாக ஜெசி."

"பயந்தா கோயிலுக்குப் போகட்டும். என் கொல்லைக்கு எதுக்கு வரணும்? துணி ஊறப்போட நேரமாகுது!"

அப்படிச் சொன்னாலும், வந்தவர்கள் வெயிலில் நிற்கிறார்களே என்று கீற்றுக்கொட்டகை போடச் சொன்னதும் அவள்தான், கைப்பிள்ளையோடு வந்தவளுக்கு உள்ளே பாய் விரித்துக் கொடுத்ததும் அவள்தான். ஒன்றே ஒன்று, அவள் புருஷன் முதுகை யாரும் வெறித்துப் பார்க்கக் கூடாது. பார்ப்பதாக இருந்தால் கொடியில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கொடியில் இரண்டு கவ்வி போட்டுப் பனியனை விரித்துத் தொங்கவிட, ஞானப்பிரகாசம் கையில் வேப்பங்குச்சியோடு முன்னால் நின்று, "கழுத்து வடக்கு. அப்ப வலது பக்கம் கெழக்கு, எடது பக்கம் மேக்கு," என்று பள்ளிக்கூட வாத்தியார் போலத் தொட்டுக் காட்டுவார். அடுத்த திட்டு இடது பக்கம்தான் விழுந்தது. முதலில் புளியங்கொட்டை அளவு, பிறகு உள்ளங்கை அளவு. அது விழுந்த இடம் அமலியின் புஞ்சை.

"மேட்டுல எப்படிப்பா உவரு ஏறும்? தண்ணி மேலேருந்து கீழதானப்பா போகும்?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"கல்லறையில சரியாச் சொன்னது இதுல மட்டும் தப்பாவா சொல்லும்?" என்றார் ஞானப்பிரகாசம். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. தெரிந்த விஷயத்தை நம்புவதைவிடத் தெரியாத விஷயத்தை நம்புவது அந்த ஊருக்கு எப்போதுமே கொஞ்சம் சுலபம்.

அமலி முதலில் சிரித்தாள். எங்க அண்ணன் முதுகுல எனக்கும் எடம் இருக்குன்னு இப்பவாச்சும் தெரிஞ்சுச்சே என்றாள். திட்டு வளர வளரச் சிரிப்பு குறைந்தது. மேட்டில் நிலம் வைத்திருந்தவர்கள் எல்லோரும், எப்படியும் போகிற மண்தானே, மரத்தையாவது காசாக்குவோம் என்று வேம்பையும் வாகையையும் உடைமரத்தையும் சாய்த்துக் கரிமூட்டம் போட ஆரம்பித்தார்கள். மேட்டில் ஒரு மரம் விழுந்தால் பனியனில் திட்டு ஒரு விரற்கடை அகலமானது. பார்த்தீர்களா, பார்த்தீர்களா என்று சொல்லிக்கொண்டே அடுத்த மரத்தைச் சாய்த்தார்கள். அமலியும் தன் புருஷன் வைத்த வாகை வரிசையை வெட்டக் கொடுத்தாள். வெட்டிய அன்று அவள் ஜெசிந்தாவோடு சண்டைக்கு வரவில்லை. ஜெசிந்தா வலிய ஒரு சண்டையை ஆரம்பித்துப் பார்த்தாள், அதற்கும் வரவில்லை.

புரட்டாசியில், வெயிலைப் பிடித்துக் கரண்டாக்கும் கம்பெனி ஒன்றுக்கு மேட்டு நிலங்களை மொத்தமாகப் பேசி முடிக்க ஒரு தரகர் வந்து சேர்ந்தார். முதலில் தலையாட்டியவள் அமலி. உவர் பூத்த பிறகு யார் கேட்பார்கள், இப்போதே கொடுத்துவிட்டு மதுரைப் பக்கம் ஏதாவது ஹாஸ்டலில் சமையலுக்குப் போய்விடுகிறேன் என்றாள்.

"போ, போ. போய் அவுகளையாச்சும் பட்டினி போடு," என்றாள் ஜெசிந்தா. சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனவள், அன்றைக்கு இரண்டு முறை சோற்றை அடிப்பிடிக்கவிட்டாள்.

அதே வாரத்தில்தான் ஒரு ஜீப்பில் டாக்டர் சண்முகவடிவு வந்தார். மண் டாக்டர். திருநெல்வேலிப் பக்கத்து அம்மா, உருண்டையான முகம், பேச்சு மழை மாதிரி. நீளமான ஒரு பெட்டியைத் தரையோடு தரையாகப் பிடித்துக்கொண்டு வயல் வயலாக நடந்தால் மண்ணுக்கு அடியில் எங்கே எவ்வளவு உப்பு இருக்கிறது என்று அது சொல்லும். கிணறு கிணறாக நாடாவை இறக்கித் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று பார்ப்பார். அதையெல்லாம் கூட்டிப் பெருக்கி, இனி வரும் வருஷங்களில் எந்த நிலத்துக்கு ஆபத்து என்று படம் வரைவார். ஊரில் ஹோட்டல் கிடையாது என்பதால் ஜெசிந்தா வீட்டில்தான் சாப்பாடு.

கொடியில் தொங்கிய பனியனைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை. கிட்டே போய்க் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"வரப்பெல்லாம் சரியா விழுந்திருக்கே. வடக்கு எதும்மா?"

"கழுத்து," என்றாள் ஜெசிந்தா.

சண்முகவடிவு தன் படத்தை எடுத்துப் பனியனுக்குப் பக்கத்தில் பிடித்தார். அதில் ஆபத்தைக் காட்டும் சிவப்பு, கிழக்குப் பள்ளத்தில் இருந்தது. அவருக்கு முகம் வாடிவிட்டது. "என் கணக்குல எங்கயோ தப்பு இருக்கு போலருக்கே," என்று மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எல்லா வயலையும் மறுபடி நடந்தார். திரும்பி வந்து, மோரைக் குடித்துவிட்டு, "இல்லம்மா, எனக்குப் பள்ளத்துலதான் வருது," என்றார்.

"அப்ப எங்க வீட்டுக்காரர் வேர்வை பொய் சொல்லுதுங்கிறீங்களா?"

"அப்படிச் சொல்லலம்மா. காரணம் சொல்லுதேன், கேளுங்க. மேட்டுல ஆழமா வேர் போற மரம் நின்னா, பெய்யுத மழையை அதுவே குடிச்சிரும். மரத்த வெட்டிட்டா தண்ணி மண்ணுக்குள்ள எறங்கி, அடியில கெடக்க உப்பக் கரைச்சிக்கிட்டே போயி, பள்ளத்துல மேல ஏறும். வெயில் தண்ணிய மட்டும் குடிச்சிட்டு உப்ப வச்சிட்டுப் போயிரும். மேட்டுல திரும்பவும் மரம் வச்சா, பள்ளம் பொழைக்க வழி இருக்கு. கம்பெனிக்காரன் வந்து மிச்சத்தையும் சுரண்டிட்டான்னா அதுவும் கெடையாது."

ஊர் அதைக் கேட்டுக்கொண்டது. அம்மாவுக்கு இன்னொரு டம்ளர் மோர் கொடுத்தது. பாவம், நல்ல பொம்பளை, பெட்டிதான் பழசு போல என்று பேசிக்கொண்டு கலைந்தது. ஜெசிந்தாவும் அப்படித்தான் நினைத்தாள். தன் புருஷன் முதுகா இந்த அம்மாவின் பெட்டியா என்று வந்தால் அவள் எந்தப் பக்கம் நிற்பாள் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

பத்திரம் பதிகிற நாள் காலையில், சந்தியாகு விடியலிலேயே மிளகாய்க் கொல்லைக்குப் போய், வெயில் ஏறும்போது திரும்பி வந்தார். வழியில் ஓர் ஆடு குட்டி போட்டிருந்தது. ஈரமும் நடுக்கமுமாகக் கிடந்த குட்டியைத் தன் கட்டம் போட்ட சட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு வெறும் பனியனோடு தெருவழியே வந்தவர், வெட்கத்தில் யாரையும் பார்க்காமல் நேரே வீட்டுக் கொல்லைக்குள் நுழைந்து, ஜெசிந்தாவுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து குட்டியை வைக்கோலில் விட்டார்.

ஜெசிந்தா திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். திறந்தபடியே நின்றாள். வந்த நாளிலிருந்து இத்தனை பேர் பார்த்த அந்தப் படத்தை, மனுஷன் முதுகில் இருக்கும்போது அவள் உட்பட ஒருவரும் பார்த்ததில்லை. ஊரணி கழுத்தில் இருந்தது. பாதை நடுவில் இருந்தது. திட்டு வலது பக்கம் இருந்தது.

"ஏங்க, அப்படியே நில்லுங்க. அசையாதீங்க."

"என்ன ஜெசி?"

"இப்பக் கழட்டுங்க."

அவர் தலைவழியாக உரித்தார். உள்பக்கம் வெளியே வந்தது. அவள் கவ்வி போட்டுத் தொங்கவிட்டாள். திட்டு இடது பக்கம் போய்விட்டது. பனியனின் கழுத்தில் உள்பக்கமாகத் தைத்த கம்பெனிப் பேர்த் துணி, ஊரே பார்க்க, நாக்கை நீட்டிக்கொண்டு வெளியே தொங்கியது.

பெட்டியும் சரி, முதுகும் சரி. ஊர் பார்த்ததெல்லாம் பனியனின் தப்பான பக்கம். அமலியின் நிலத்துக்கு ஒன்றும் இல்லை. அதற்கு நேர் எதிரே, பாதைக்குக் கிழக்கே, தங்கள் சொந்தப் பள்ளத்துக் கரிசல், ஊரிலேயே குண்டு மிளகாய் நன்றாக விளையும் கரிசல், அதுதான் வெள்ளையாகப் போகிறது.

ஜெசிந்தா துவைக்கல்லில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்து சந்தியாகு பார்த்ததில்லை. உள்ளே உலை கொதித்து மூடி தடதடவென்று ஆடியது, அவள் எழுந்திருக்கவில்லை. தெருவில் அமலியை ஏற்றிப்போக வந்த வேன் ஹாரன் அடித்தது. வாயை மூடிக்கொண்டு இருந்தால், அமலி விற்றுவிட்டுப் போய்விடுவாள். அப்புறம் உண்மை தெரிந்தாலும் யாரும் கேட்கப்போவதில்லை. சொன்னால், இன்றிலிருந்து ஊருக்கே தெரியும், சந்தியாகுவின் நிலம் செத்த நிலம் என்று. அவள் எல்லாவற்றையும் புருஷனிடம் சொன்னாள், எப்போதும் பேசுகிற வேகத்தில் இல்லை, கல்லை ஒவ்வொன்றாக எடுத்து வைப்பது போல.

சந்தியாகு கேட்டு முடித்துவிட்டு, "அப்ப அமலி நெலம் பொழைச்சிருச்சா?" என்றார்.

அவ்வளவுதான் கேட்டார். ஜெசிந்தாவுக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. எழுந்து, கொடியிலிருந்து பனியனைப் பிடுங்கிக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள்.

வேனில் தரகரும், மேட்டு நிலக்காரர்கள் நாலைந்து பேரும், சன்னலோரம் நல்ல சேலை கட்டிய அமலியும் இருந்தார்கள். ஜெசிந்தா குறுக்கே போய் நின்றாள். பனியனை உள்ளும் வெளியுமாகத் திருப்பித் திருப்பிக் காட்டி, மூச்சு வாங்கச் சொல்லி முடித்தாள். தெருவில் நின்ற ஞானப்பிரகாசம் பனியனை வாங்கித் தானும் ஒருமுறை திருப்பிப் பார்த்தார். பிறகு கையிலிருந்த வேப்பங்குச்சியை யாருக்கும் தெரியாமல் கீழே போட்டார். தரகர் மட்டும், "அம்மா, இந்தத் துணி வெவகாரமெல்லாம் சாயங்காலம் பேசிக்கலாமே," என்றார்.

"உங்கிட்ட எவன்யா பேசுனான்?" என்றாள் ஜெசிந்தா. "ஏ அமலி, எறங்கு. உன் நெலம் நல்லாருக்கு. எங்களுதுதான் போகுது."

அமலி அவளையே பார்த்தாள். "அப்ப விக்க வேணாங்கிற."

"வேணாம். வெதைக்கவும் வேணாம்."

"என்னது?"

"அந்த டாக்டரம்மா சொன்னாகள்ல. மேட்டுல மரம் வைக்கணும். உன் நெலத்துல, மத்தவுக நெலத்துல, எல்லாத்துலயும். அப்பத்தான் பள்ளம் என்னைக்காச்சும் திரும்பும்."

"நெலம் நல்லாருக்குன்னு சொல்லி வாய மூடல, அதுக்குள்ள அதக் குடுங்கிற. உனக்காக."

"எனக்காகத்தான். கீழ இருக்கற எல்லாருக்கும் ஆகும், ஆனா அவுகளுக்காக ஒண்ணும் நான் வெறுங்கால்ல ஓடிவரல."

வேனுக்குள் யாரோ சிரித்தார்கள். அமலி சிரிக்கவில்லை. "எத்தனை வருஷம் ஆகும்?"

"கெழவியாயிருவோம்."

"நீ ஏற்கெனவே ஆயிட்ட."

"ஆமா. நீ இப்பத்தான் சின்னப் பிள்ளையாட்டம் புதுநன்மை வாங்கிட்டு வர்ற. எறங்குடி."

"அதுவரைக்கும் நான் என்னத்தத் தின்கிறது?"

"எங்க மொளகாக் கொல்லையில உப்பு எல்லாத்தையும் ஒரே நாள்ல முழுங்கிறாது. நல்லாருக்கற பக்கத்துல ரெண்டு பேரும் சேந்து வெதைப்போம். ஒரே அடுப்பு. நீ ஆக்குனா நான் திங்கமாட்டேன், நான் ஆக்குறேன்."

அமலி முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். "சரி. எனக்கு ஒண்ணு வேணும்."

"கேளு."

"மிக்கேல் சம்மனசு திருநாள் பூசையில மொதல் வாசகம் நான் வாசிக்கணும்."

ஜெசிந்தா அந்த ஊருக்கு மருமகளாக வந்த வருஷத்திலிருந்து காவல்தூதர் மிக்கேலின் திருநாள் பூசையில் பைபிளிலிருந்து வாசிக்கும் முதல் வாசகம் அவளுடையது. கான்வென்ட் உச்சரிப்பு, ஒரு எழுத்து வழுக்காது, மேலே ஒலிபெருக்கியில் கேட்டால் அடுத்த ஊர்க்காரன்கூட நின்று கேட்பான். ஒருமுறை அமலி ஆசைப்பட்டுக் கேட்டபோது, நீ வாசிச்சா சம்மனசு வாளைப் போட்டுட்டு எறங்கி ஓடிருவாரு என்று ஜெசிந்தா சொன்னதை ஊரே சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறது.

"வேற எதாச்சும் கேளு அமலி."

"வேற எதுவும் வேணாம்."

"ரெண்டாம் வாசகம் வாசி."

"டிரைவரண்ணே, வண்டிய எடுங்க."

"வாசி!" என்று கத்தினாள் ஜெசிந்தா. "வாசித் தொலை! மொதல் வாசகம் நீதான். போதுமா?"

"இவுகள்லாம் கேட்டாகளா?"

"கேட்டோம் கேட்டோம்," என்றது வேன்.

அமலி நல்ல சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அவள் இறங்கியதும் மற்றவர்களும் ஒவ்வொருவராக இறங்கினார்கள். வேன் தரகரோடு மட்டும் போயிற்று.

ஐப்பசி மழைக்கு மேட்டில் குழி வெட்டினார்கள். சண்முகவடிவு நாற்றுகளை ஜீப்பில் கொண்டுவந்து இறக்கி, எந்த வரிசையில் எந்த மரம் என்று நின்று காட்டினார். வாகை வேண்டும் என்று அமலியும், புங்கன்தான் சீக்கிரம் பிடிக்கும் என்று ஜெசிந்தாவும் குழிக்குக் குழி சண்டை போட்டதில், ஒன்று மாற்றி ஒன்று வைத்தார்கள். சந்தியாகு அத்தனை குழிக்கும் தண்ணீர் சுமந்தார். பனியனை இப்போது திருப்பி நல்ல பக்கமாகத்தான் தொங்கவிட்டார்கள். ஞானப்பிரகாசம் புதுக் குச்சியோடு வந்தார். திட்டு வலது பக்கம் அப்படியே இருந்தது. ஓரத்தில் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று சிலரும், அது பனியன் சுருங்கியதால் என்று சிலரும் சொன்னார்கள். வருவது வந்தது. மறு வருஷக் கோடையில் பள்ளத்துக் கரிசலில் பாதிக்குமேல் உவர் பூத்தது. அன்றைக்கு ஜெசிந்தா வரப்பில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். அமலி பக்கத்தில் வந்து நின்றாள். இரண்டு பேரும் மிச்சமிருந்த பக்கத்தில் களை பறிக்கப் போனார்கள்.

திருநாள் வந்தது. பூசையில் அமலி எழுந்து போனாள். ஒலிபெருக்கியில் தாளின் சரசரப்பு கேட்டது. அவள் வாசிக்க ஆரம்பித்ததும் கோயிலில் இருந்த எல்லோரும் அவளைப் பார்க்காமல் முன் பெஞ்சில் இருந்த ஜெசிந்தாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அமலி நிறுத்தவேண்டிய இடத்தில் ஓடினாள், ஓடவேண்டிய இடத்தில் நின்றாள். ஜெசிந்தா ஜெபமாலையை விரலில் சுற்றிக்கொண்டாள். பாதியில், வாயில் நுழையாத ஒரு பெயர் வந்தது. அமலி அதன் முன்னால் நின்றுவிட்டாள். முதல் எழுத்தைச் சொன்னாள், விட்டாள், மறுபடி சொன்னாள். ஃபாதர் கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பெயர் ஜெசிந்தாவுக்குத் தெரியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். நாக்கின் நுனிவரை வந்துவிட்டது, வாயைத் திறந்தால் தானாக விழுந்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டாள். ஜெபமாலை அழுத்திய விரல் வெளுத்துப்போனது. கடைசியில் அமலி அந்தப் பெயரை எங்கெங்கோ உடைத்து, தனக்கு வந்த விதத்தில், சத்தமாகச் சொல்லிவிட்டு மேலே போனாள்.

பூசை முடிந்து வெளியே செருப்பைத் தேடும்போது அமலி வந்து ஒட்டிக்கொண்டு நின்றாள். கேட்கவேண்டும், கேட்கப் பயம்.

"எப்படி மதினி இருந்துச்சு?"

ஜெசிந்தா ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு, இன்னொன்றைத் தேடியபடி, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"சத்தம் பத்தல. வர்ற வருஷம் மைக்குக்குக் கிட்டத்துல நின்னு வாசி."